தனுஷ்கோடி மணலும் பைக்கின் ஒற்றைக் காலும்

ராமேஸ்வரத்தைத் தாண்டி முகுந்தராயர் சத்திரம் வரை வழக்கமான சாலைதான். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் கடல் வந்துவிடுகிறது. இடது பக்கம் வங்கக் கடல். அலை அடங்கி இருப்பதால் உள்ளூர்க்காரர்களுக்கு அது ‘பெண் கடல்’. வலது பக்கம் மன்னார் வளைகுடா. எப்போதும் சீறிக்கொண்டிருப்பதால் ‘ஆண் கடல்’. இரண்டுக்கும் நடுவே அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் தார்ச்சாலை.

2017-ல் இந்தச் சாலை திறக்கப்படும் வரை ஜீப்பிலோ வேனிலோ மணலில் குலுங்கிக்கொண்டுதான் தனுஷ்கோடிக்குப் போக முடியும். இப்போது குடும்பத்தோடு பைக்கிலேயே போய்விடலாம். ஓட்டுவதில் ஒரு சிரமமும் இல்லை. சிரமம் நிறுத்தும்போதுதான். தார் முடிந்த இடத்தில் மணல் தொடங்கிவிடுகிறது. சைடு ஸ்டாண்டைப் போட்டுவிட்டுக் கடலைப் பார்க்க ஓடினால், கொஞ்ச நேரத்தில் வண்டி மெல்ல மெல்ல இடது பக்கம் சரிய ஆரம்பிக்கும்.

“தம்பி, வண்டியை அப்படியே விட்டுட்டுப் போகாதீக. காத்து ஒரு தள்ளு தள்ளுனா படுத்துரும். இந்தக் கட்டைய அடியில வையுங்க” என்று சாலையோரக் கடைக்கார அக்கா பலகைத் துண்டு ஒன்றை நீட்டுகிறார். மனைவி, குழந்தையோடு வந்த இளைஞர், “எவ்வளவுக்கா?” என்கிறார்.

“கட்டைக்குக் காசா? போறப்ப மறக்காமக் குடுத்துட்டுப் போங்க, போதும்.”

அந்தப் பலகை உள்ளங்கை அளவுதான். ஆனால், அது செய்யும் வேலை பெரிது. புல்லட் ரக பைக் ஒன்று 190 கிலோவைத் தாண்டும். நிறுத்தியிருக்கும்போது பெரும்பகுதி எடையை இரண்டு டயர்களும் தாங்கிக்கொள்ளும். மீதி எடை ஸ்டாண்டின் நுனியில் இறங்குகிறது. அந்த நுனி இரண்டு சென்டிமீட்டர் அகலம், ஐந்து சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால் பரப்பு வெறும் பத்து சதுர சென்டிமீட்டர். அடியில் பத்துக்குப் பத்து பலகையை வைத்தால் அது நூறு ஆகிறது. எடை அதேதான், மணலின் ஒவ்வோர் இடத்திலும் விழும் அழுத்தம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. பாலைவனத்து ஒட்டகத்துக்குப் பாதம் அகலமாக இருப்பதும் இதற்காகத்தான்.

தனுஷ்கோடிக்கு இது புதுப் பாடம் இல்லை. இதே மணல் மேல் ஒரு காலத்தில் ரயிலே ஓடியது. 1914-ல் பாம்பன் பாலம் வந்தபின் சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று பயணம் நடந்தது. அத்தனை டன் எடையைத் தாங்கியது தண்டவாளம் மட்டுமல்ல. குறுக்கே படுத்திருந்த கட்டைகளும், அவற்றின் கீழே கொட்டியிருந்த ஜல்லியும் எடையைப் பரப்பிக் கொடுத்தன. 1964 டிசம்பர் 22 இரவில் வந்த புயல் அலை அந்தப் பாதையையும், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலையும் அடித்துக்கொண்டு போனது. ரயிலில் இருந்த நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில் நிலையத்தின் இடிந்த சுவர்களும் தேவாலயத்தின் மிச்சமும் இன்றும் அங்கே நிற்கின்றன.

அந்தச் சுவர்களிலிருந்து விழுந்து கிடக்கும் கல்லை எடுத்து ஸ்டாண்டுக்கு முட்டுக் கொடுக்கச் சிலருக்குக் கை நீளும். செய்யக் கூடாது. அது ஒரு ஊரின் மிச்சம். அவற்றில் பல பவளப்பாறைக் கற்கள். கரையில் ஒதுங்கும் பவளத்தையும் எடுக்கக் கூடாது; வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. கிளிஞ்சல் வைத்தால் நொறுங்கிவிடும். வீட்டிலிருந்தே ஒரு பலகைத் துண்டு கொண்டுபோவதுதான் சுலபம். பைக் கடைகளில் இதற்கென்றே விற்கும் வட்டமான பிளாஸ்டிக் தட்டும் நல்லது. ஓரத்தில் ஓட்டை போட்டு, ஒரு கயிறு கட்டி, மறுமுனையை ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டால், கிளம்பும்போது குனியாமல் இழுத்துக்கொள்ளலாம். மறந்து விட்டுவிட்டும் வர மாட்டார்கள்.

பலகை வைத்தால் மட்டும் போதாது. காற்றையும் பார்க்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. அரிச்சல்முனையை நோக்கி நிறுத்திய வண்டியை அது வலது பக்கமிருந்து தள்ளும். பாரம் முழுக்க ஸ்டாண்டின் மேல் விழுந்து, இன்னும் ஆழமாகப் புதையும். வடகிழக்குப் பருவத்தில் நேர்மாறு. இடது பக்கமிருந்து அடிக்கும் காற்று வண்டியை நிமிர்த்தி, ஸ்டாண்டே இல்லாத வலது பக்கம் சாய்த்துவிடும். எந்தக் காலமானாலும் முன்சக்கரம் காற்றைப் பார்த்தபடி நிறுத்துவது பாதுகாப்பு.

முதல் கியரில் விட்டு, ஹேண்டிலை இடது பக்கம் திருப்பி வைத்தால் வண்டி அசையாது. இடது பக்கம் பள்ளமான இடத்தைத் தவிர்க்க வேண்டும். காய்ந்த மேல் மணலைக் காலால் ஒதுக்கிவிட்டு, அடியில் இருக்கும் ஈரப்பதமான மணலில் பலகையை வைத்தால் பிடிப்பு அதிகம். சென்டர் ஸ்டாண்ட் போடும் ஸ்கூட்டருக்கும் இது பொருந்தும். இரண்டு காலும் ஒரே அளவில் புதையும் என்று சொல்ல முடியாது, அதனால் இரண்டுக்கும் சேர்த்து நீளமான பலகை வேண்டும்.

இவ்வளவு கவனம் எதற்கு? விடுமுறை நாளில் வண்டிகள் நெருக்கி நிற்கும். ஒன்று சாய்ந்தால் வரிசையே சாயும். பக்கத்தில் மணல் வீடு கட்டும் குழந்தை இருந்தால் என்னாகும்? சூடான சைலன்சர் காலில் பட்டாலே கொப்புளம் போட்டுவிடும். கிளட்ச் லீவர் உடைந்தால் மெக்கானிக்கைத் தேடி ராமேஸ்வரத்துக்குத்தான் போக வேண்டும். மாலையானதும் எல்லோரையும் கிளம்பச் சொல்லிவிடும் இடத்தில், உடைந்த வண்டியோடும் அழும் குழந்தையோடும் நிற்பது சின்னக் கஷ்டம் இல்லை.

ஊர் திரும்பியதும் இன்னொரு வேலை உண்டு. ஸ்டாண்டின் மூட்டிலும் ஸ்பிரிங்கிலும் மணலும் உப்பும் ஏறியிருக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்தபின் இரண்டு சொட்டு எண்ணெய் விட வேண்டும். இல்லாவிட்டால் துரு பிடித்து, அடுத்த பயணத்தில் ஸ்டாண்ட் முழுதாக மடங்காமல் தொங்கும். வளைவில் தரையில் தட்டி வண்டியையே கவிழ்த்துவிடும். பலகையைக் கடனாக வாங்கியவர்கள் அதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்புவது நல்லது. அடுத்து வரும் வண்டிக்கு அது வேண்டியிருக்கும்.