பாய் நனையுற விஷயம்

தடாவுக்கு வந்து செட்டிலான நம்ம ஆளுங்க, லீவுக்கு ஊருக்குக் கிளம்பறப்போ எட்டு வயசுப் பையன் "நான் வரலை"ன்னு அடம் பிடிச்சா உடனே திட்டாதீங்க. பாட்டி வீட்டுல பாயை நனைச்சுடுவோமோங்கற பயமா இருக்கலாம்.

1903-ல பீகார் மோதிஹாரியில பிறந்த ஜார்ஜ் ஆர்வெல், இங்கிலாந்துல 8 வயசுல ஹாஸ்டல் பள்ளிக்கூடம் சேர்ந்ததும் படுக்கையை நனைச்சார். அடி விழுந்தது. அந்த அவமானத்தைப் பெரியவரானதும் எழுதினார். அவர் இறந்தபிறகு 1952-ல அச்சாச்சு.

7 வயசுல நூத்துக்கு 5 முதல் 10 பிள்ளைங்களுக்கு இது உண்டு. பரம்பரையாவும் வரும். தூக்கத்துல நடக்கறது, திமிர் இல்லை. பெரும்பாலும் தானா நின்னுடும். மலச்சிக்கல் இருந்தா முதல்ல அதைச் சரி பண்ணுங்க. மாசக்கணக்கா நின்னு திரும்ப ஆரம்பிச்சா டாக்டர்கிட்ட காட்டுங்க.

ஊருக்குப் போற பையில ஒரு ரப்பர் ஷீட், மாத்துத் துணி. பாட்டிகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, பிள்ளை காதுல விழாம.