பேச்சு ஊரைச் சொல்லும், ஆளைச் சொல்லுமா?



வெளியூரில் யாராவது "எந்த ஊரு தம்பி?" என்று கேட்டு, "ராஜபாளையம்" என்று பதில் சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? அடுத்த கேள்வி நமக்கு மனப்பாடம். "அப்படியா! அந்த நாய்க்குட்டி ஒண்ணு என்ன விலை வரும்?" சரி, வம்பே வேண்டாம், பக்கத்து ஊரைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று "ஸ்ரீவில்லிபுத்தூர்" என்றால், "பால்கோவா கொண்டு வரலியா?" என்பார்கள். 11 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ஊர். ஒன்றுக்கு நாய், இன்னொன்றுக்குப் பால்கோவா! நடுவில் இருக்கும் மனிதர்கள் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

நமக்கு அதில் பெருமையும் உண்டு. ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் இந்தியத் தபால் துறை தபால்தலையே வெளியிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். நான் எழுத வந்தது வேறு. நாம் ஊர்ப் பெயரைச் சொல்வதற்கு முன்பே, வாயைத் திறந்த இரண்டாவது வாக்கியத்திலேயே நம்மை எடைபோட்டு முடித்துவிடுகிறார்களே, அதைப் பற்றி.

நம் பேச்சு எப்படிப்பட்டது? மதுரைக்கும் தென்காசிக்கும் போகிற ஒரே சாலையில் இருக்கிறோம். வடக்கே மதுரைக்காரரின் 'அங்கிட்டு, இங்கிட்டு' நம்மிடம் உண்டு. தெற்கே நெல்லைச் சீமையின் 'ஏலே'யும் 'சோலி'யும் உண்டு. கிழக்கே கரிசல் காட்டின் 'யய்யா'வும் உண்டு. போதாததற்கு நம் வகுப்பில் பல பேர் வீட்டில் பேசுவது தெலுங்கு. இத்தனையும் கலந்த பேச்சைச் சினிமாவில் மட்டும் கேட்ட ஒருவருக்கு நாம் எப்படித் தெரிவோம்? 2004-இல் 'காதல்', 2007-இல் 'பருத்திவீரன்', 2008-இல் 'சுப்ரமணியபுரம்' என்று படங்கள் வந்தன. நல்ல படங்கள்தான். ஆனால் அவற்றைப் பார்த்துப் பார்த்து, தென்மாவட்டப் பேச்சு என்றாலே அருவாள், ஆத்திரம், சாதிச் சண்டை என்று பல பேர் மனதில் பதிந்துவிட்டது. கோவைப் பேச்சு என்றால் மரியாதை. சென்னைப் பேச்சு என்றால் ரவுடி. தஞ்சாவூர் என்றால் குசும்பு. ஆளுக்கொரு லேபிள்!

வேடிக்கை கேளுங்கள். பழைய படங்களில் மெட்ராஸ் பாஷைக்குப் பேர் போனவர் சந்திரபாபு. 1958-இல் வந்த 'சபாஷ் மீனா'வில் அவர் பேசியதைக் கேட்டால் ரிக்‌ஷா ஸ்டாண்டிலேயே பிறந்து வளர்ந்தவர் என்றுதான் தோன்றும். அவர் பிறந்தது எங்கே? தூத்துக்குடியில்! கேட்கிற காது எவ்வளவு சுலபமாக ஏமாறுகிறது, பாருங்கள்.

என் கதைக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் முதல் முதலாகக் கல்லூரிப் படியேறியவன் நான். அப்பா சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணித் தறியில் இருக்கிறார். அம்மா நூற்பு மில்லில் ஷிப்டுக்குப் போகிறார். இன்பிளான்ட் டிரெயினிங்குக்காகச் சென்னையில் ஒரு தொழிற்சாலைக்குப் போனேன். இரண்டு வாரம். இரவெல்லாம் ரயிலில் உட்கார்ந்து போய், முதல் நாள் கேட் திறக்கும் முன்பே நின்றேன். சூப்பர்வைசர் வந்ததும் மரியாதையாகத்தான் சொன்னேன்:

"சார், வெள்ளனவே வந்துட்டேன் சார்."

"என்னது, வெள்ளனவா? வெள்ளைக்காரனா?" என்று அவர் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். "மதுரக்காரனா? இடுப்புல எதுவும் சொருகி வச்சிருக்கியா?" என்றார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், "இவனை மெஷின் பக்கம் விடாதப்பா, கோபக்காரப் பயலா இருப்பான். ஸ்டோர்ல போடு" என்றார். என்னோடு வந்த வேறு கல்லூரி மாணவர்கள் லேத்தில் நிற்க, நான் ஏழு நாள் போல்ட்டும் நட்டும் எண்ணினேன். நான் கோபப்பட்டதே கிடையாது. 'வெள்ளன' என்று சொன்னேன், அவ்வளவுதான்.

சாப்பாட்டு நேரத்தில் "இன்னைக்கு என்ன வெஞ்சனம்?" என்று கேட்டேன். அதற்கும் சிரிப்பு. ஒரு பெட்டியைத் தூக்கும்போது "பைய, பைய" என்றேன். "பையனைக் கூப்பிடுறியா, பையைக் கூப்பிடுறியா?" என்றார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் எங்கள் தமிழாசிரியரிடம் இதைச் சொன்னேன். அவர் திருக்குறளை எடுத்து 1098-ஆம் குறளைக் காட்டினார். 'மெல்ல' என்ற பொருளில் அங்கே 'பைய' உட்கார்ந்திருக்கிறது! வள்ளுவர் எழுதிய சொல்லை எங்கள் அம்மா தினமும் பேசுகிறார். 'வெஞ்சனம்' வியஞ்சனம் என்ற வடசொல்லிலிருந்து வந்தது. பட்டிக்காட்டுச் சொல் என்று சிரித்தார்களே, அது சமஸ்கிருதத்திலிருந்து வந்து எங்கள் ஊர் இலையில் உட்கார்ந்த சொல். தொல்காப்பியரே சொற்களை நான்காகப் பிரித்து, அதில் ஒன்றுக்குத் திசைச்சொல் என்று பேர் வைத்து, செய்யுளில் வரலாம் என்று இடம் கொடுத்திருக்கிறார். அவர் கொடுத்த இடத்தை ஒரு தொழிற்சாலை ஸ்டோர் ரூமில் எனக்குக் கொடுக்க ஆளில்லை!

இன்னொன்றும் அவர் சொன்னார். நம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தன்னை ஆயர்பாடிப் பெண்ணாகப் பாவித்துப் பாடினார் அல்லவா? அந்தப் பாவனையில் அவருடைய நடையும் பேச்சும்கூட இடைக்குலப் பெண்ணுடையதாகவே ஆகிவிட்டன என்று வைணவ உரையாசிரியர்கள் சொல்வார்களாம். மாடு மேய்ப்பவர் பேச்சு அவர்களுக்குக் கேவலமாகப் படவில்லை. பக்தியின் அடையாளமாகப் பட்டது. நமக்கு மட்டும் ஏன் கேவலமாகப் படுகிறது?

நம் பக்கத்துப் பேச்சை அப்படியே எழுதி மதிப்புத் தேடித் தந்தவர் கி. ராஜநாராயணன். கோவில்பட்டிப் பக்கம் இடைசெவல் அவர் ஊர். தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்து, பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர். தெலுங்கு தேசத்திலிருந்து வந்து கரிசல் மண்ணில் குடியேறியவர்களின் கதையைக் 'கோபல்ல கிராமம்' என்று 1976-இல் எழுதினார். 1982-இல் கரிசல் சொற்களுக்கென்றே ஓர் அகராதி போட்டார். 1991-இல் சாகித்ய அகாதெமி விருது வந்தது. பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்து உட்கார வைத்தது. ராஜபாளையத்தில் பிறந்த பி.எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்டார்; பிறகு ஒரிசாவுக்கு ஆளுநராகவும் போனார். வீட்டில் தெலுங்கு பேசும் ஊர்க்காரர் தமிழ் நாட்டை ஆள முடிந்திருக்கிறது. விருதுநகர்க் காமராஜரோ மேடையிலும் கோட்டையிலும் நம் பக்கத்து ஆட்கள் பேசுகிற மாதிரியேதான் பேசினார்.

இது தமிழ்நாட்டில் மட்டும் உள்ள வியாதி என்று நினைக்க வேண்டாம். வில்லியம் லபோவ் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1962-இல் நியூயார்க்கில் மூன்று பெரிய கடைகளுக்குப் போனார். ஒன்று பணக்காரர் கடை, ஒன்று நடுத்தரம், ஒன்று மலிவு. 'நாலாவது மாடி' என்று பதில் வரும்படி ஒரு கேள்வியைக் கடை ஆட்களிடம் கேட்டார். 'ஃபோர்த் ஃப்ளோர்' என்பதில் 'ர்' ஒலியை அழுத்திச் சொன்னவர்கள் பணக்காரர் கடையில் அதிகம். மலிவுக் கடையில் குறைவு. அங்கே 'ர்' சொன்னால் உயர்ந்தவர். ஆனால் கடலுக்கு இந்தப் பக்கம் இங்கிலாந்தில், அதே 'ர்' ஒலியை விழுங்கிவிட்டுப் பேசுவதுதான் மேல்தட்டுப் பேச்சு! ஒரே ஒலி, ஒரு கரையில் கௌரவம், மறு கரையில் குறைச்சல். அப்படியானால் மதிப்பு அந்த ஒலியில் இல்லை. அதைப் பேசுகிறவர் கையில் இருக்கும் காசிலும் அதிகாரத்திலும் இருக்கிறது. நாம் 'வாளப்பளம்' என்றால் சிரிப்பவர்கள், சென்னையிலேயே சிலர் 'வாயப்பயம்' என்பதையும் கேட்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் 'ழ' தொலைந்துதான் போயிருக்கிறது!

சிரிப்போடு நின்றால் பரவாயில்லை. 1983-இல் இலங்கையில் தமிழர்களை வேட்டையாடியபோது, வழிமறித்த கும்பல்கள் வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லை உச்சரிக்கச் சொல்லி, நாக்குப் புரளும் விதத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்ததாகத் தப்பி வந்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஒரு சொல்லை எப்படிச் சொல்கிறோம் என்பதில் உயிர் ஊசலாடியிருக்கிறது. ஸ்டோர் ரூமும் கொலைக்களமும் ஒன்றல்ல. ஆனால் 'பேச்சைக் கேட்டேன், ஆளைப் புரிந்துகொண்டேன்' என்ற எண்ணம் இரண்டிலும் இருக்கிறது.

இனி நான் சொல்வது எங்கள் வீட்டு விஷயம். போன வருஷம் பெற்றோர் கூட்டத்துக்கு அம்மாவை அழைத்து வந்தேன். துறைத் தலைவர் அன்பாகத்தான் விசாரித்தார். அம்மா தலையை மட்டும் ஆட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் வாய் ஓயாதவர்! திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "யய்யா, நான் வாயத் தொறந்தா அங்கிட்டு நாலு பேரு சிரிப்பாக. கேவலம் உனக்குத்தான்யா" என்றார்.

தோழர்களே, எங்கள் அம்மா மில்லில் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் அறுந்த இழையை, இயந்திரத்தை நிறுத்தாமலே பிணைத்துவிடுவார். சத்தம் கொஞ்சம் மாறினாலே எந்தப் பக்கம் கோளாறு என்று சொல்லிவிடுவார். நாம் இரண்டு செமஸ்டர் படித்துப் பரீட்சை எழுதுகிற விஷயம் அவருடைய விரலில் இருக்கிறது. அப்படிப்பட்டவரை ஒரு சபையில் ஊமையாக்கி உட்கார வைத்தது எது? யாரும் அவரைத் திட்டவில்லை. சிரிப்பார்கள் என்ற பயம் ஒன்றே போதுமானதாக இருந்தது. அவர் பயந்தது அவருக்காகவும் இல்லை, எனக்காக.

நம் கல்லூரிக்குள்ளும் இது இருக்கிறது. தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவர் முதல் வருஷம் வகுப்பில் எழுந்து சந்தேகம் கேட்டார். அவர் பேச்சைக் கேட்டுப் பின் பெஞ்சில் சிரிப்பு. அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. செய்முறைத் தேர்வில் விடை தெரிந்தும் வைவாவில் வாய் திறக்காமல் நின்றார். மதிப்பெண் போனது அவருக்கு. சிரித்தவர்களுக்கு என்ன போயிற்று?

நமக்குப் பட்டறையில் முதலில் சொல்லிக் கொடுத்தது என்ன? ஃபோர் ஜா சக்கில் ஜாப்பைப் பிடித்தால் கண்ணால் பார்த்து 'சென்டர் ஆயிருச்சு' என்று சொல்லாதே, டயல் வைத்துப் பார் என்பதுதானே? வெர்னியரை எடுத்தால் முதலில் ஜீரோ எரர் பார் என்பதுதானே? நம் காதுக்கும் ஜீரோ எரர் உண்டு. அவரவர் காது அவரவர் ஊரில் செட் பண்ணப்பட்டது. தன் ஊர்ப் பேச்சை சைபர் என்று வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் பிழை என்று அளக்கிறது. அந்தப் பிழை கருவியில் இருக்கிறது, ஜாப்பில் இல்லை.

என் டிரெயினிங்கின் எட்டாம் நாள் ஓர் ஆபரேட்டர் லீவு. வேறு ஆள் இல்லாததால் என்னைக் கூப்பிட்டார்கள். ஜாப்பை மாட்டி, டயலில் இரண்டு டிவிஷனுக்குள் கொண்டு வந்தேன். சூப்பர்வைசர் பார்த்தார். "பரவாயில்லையே, மதுரக்காரப் பய நல்லாத்தான் பண்றான்" என்றார். பாராட்டிலும் ஊர் போகவில்லை! ஆனால் மீதி நாட்கள் லேத்தில்தான் நின்றேன்.

பொதுத் தமிழும் ஆங்கிலமும் நாம் படிக்கத்தான் வேண்டும். நேர்முகத் தேர்வில் எதிரே இருப்பவருக்குப் புரியும்படி பேசுவது நம் கடமை. அது ஸ்பானர் சைஸ் மாற்றி எடுப்பது போல. இந்த நட்டுக்கு இந்த ஸ்பானர். அதற்காக வீட்டு ஸ்பானரைக் குப்பையில் போட வேண்டாம். ஊர்ப் பேச்சு நமக்குப் புவிசார் குறியீடு மாதிரி. எங்கே விளைந்தோம் என்பதைச் சொல்லும். பால்கோவாவாக இருந்தாலும் தின்று பார்த்துத்தானே ருசியைச் சொல்ல வேண்டும்?

நாங்கள் இந்த வருஷத்தோடு வெளியேறுகிறோம். இரண்டாமாண்டுத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு வகுப்பு தொடங்கும்போது புதிய முகங்கள் வரும். வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள் அதில் பாதிப் பேர் இருப்பார்கள். வாசலில் அவர்களுடைய அம்மாக்கள் பேசாமல் நிற்பார்கள். ஒரு பையன் கூச்சத்தோடு, "அண்ணே, வெள்ளனவே வந்துட்டேன்" என்பான். சிரிக்காதீர்கள். பக்கத்தில் நகர்ந்து இடம் கொடுங்கள். அந்த அம்மாவிடமும் நாலு வார்த்தை பேசிப் பாருங்கள்.

— இயந்திரவியல் துறை, மூன்றாமாண்டு