மரக்காணத்துப் படகு

முழுப் பரீட்சை முடிந்த மறுநாளே ஆயா விழுப்புரத்துக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். பாசஞ்சர் வண்டி முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று நின்று போகும். மயிலம் வந்ததும் ஆயா முருகன் குன்று இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். அதற்குள் அவள் மடியில் கட்டி வந்த வறுத்த மல்லாட்டையில் பாதி என் வயிற்றுக்குள் போயிருக்கும். திண்டிவனத்தில் இறங்கி, பிரம்மதேசம் வழியாகப் போகும் மரக்காணம் பஸ்ஸைப் பிடிப்போம். காலடியில் காலியான கருவாட்டுக் கூடைகள், ஜன்னலில் வெக்கைக் காற்று. கொஞ்ச தூரத்தில் சவுக்குத் தோப்பின் வாசம் வரும், பிறகு உப்பங்கழியின் சேற்று வாசம், அப்புறம் உதட்டை நக்கினாலே உப்புக் கரிக்கும். தாத்தா ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

தாத்தா வாலிபத்தில் பக்கிங்காம் கால்வாயில் உப்பும் சவுக்குக் கட்டையும் ஏற்றி மெட்ராஸ் வரைக்கும் படகு விட்டவர். நான் பார்க்கும்போது அந்தத் தொழில் ஓய்ந்துபோயிருந்தது. ஆனாலும் அவருடைய கூட்டாளி ஒருவரிடம் படகு இருந்தது. ஒரு லீவில், வடக்கே கடப்பாக்கம் பக்கம் போகிற அந்தப் படகில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

விடிவதற்கு முன்பே கிளம்பினோம். தூக்குச்சட்டியில் கம்பங்கூழ், வாழையிலைத் துண்டில் சுட்ட கருவாடு, நாலு சின்ன வெங்காயம். படகு அகலமாக, அடி தட்டையாக இருந்தது. பலகை இடுக்கெல்லாம் பழைய உப்பும் தாரும் கலந்த வாசனை. தாத்தா மூங்கில் கழியை முன்பக்கம் சேற்றில் ஊன்றி, அதன் தலையைத் தோளில் அழுத்திக்கொண்டு, படகின் ஓரமாகவே பின்பக்கம் வரை நடப்பார். அவர் பின்னால் நடக்க நடக்கப் படகு முன்னால் போகும். இது எப்படி என்று புரியாமல் நானும் அவர் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தேன், படகை நகர்த்துவதில் எனக்கும் பங்கு இருக்கிறது என்ற நினைப்பில். கரை கெட்டியாக இருந்த இடத்தில் கூட்டாளி இறங்கி, கயிற்றைத் தோளில் மாட்டிப் படகை இழுத்துக்கொண்டே போனார். உப்பளத்தில் ஆட்கள் நீளக் கழியில் மாட்டிய பலகையால் பாத்தியை வாரிக்கொண்டிருந்தார்கள்; பலகை தரையில் உரசும் சரசரப்பு தண்ணீருக்கு மேலாக எங்கள் படகு வரைக்கும் வந்தது. கூழைக்கடா ஒன்று கூடவே நீந்தி வந்தது. இடிந்த ஆலம்பரைக் கோட்டைச் சுவர் தெரிகிற இடத்தில் கூழைக் குடித்துவிட்டு, தண்ணீர் வற்றம் மாறுகிற வரைக்கும் காத்திருந்து திரும்பினோம்.

"இப்படியே மெட்ராஸ் போயிடலாமா தாத்தா?" என்று கேட்டேன்.

"போவலாம். நடுவுல லாக்கு வரும். ஆத்து மொகத்துல கடல் தண்ணி ஏறும், எறங்கும், வெள்ளம் வந்தா முட்டும். அங்க கால்வாத் தண்ணிய ஒரே மட்டத்துல நிறுத்தறதுக்குத்தான் லாக்கு" என்றார்.

எனக்குப் புரியவில்லை என்பதை என் முகத்திலேயே கண்டுகொண்டார் போல. அன்று சாயந்திரம் கொல்லையில் பம்புசெட் தண்ணீர் ஓடிய வாய்க்காலில், சரிவான இடமாகப் பார்த்து, முழ இடைவெளியில் இரண்டு உடைந்த ஓடுகளைக் குறுக்கே நட்டார். கீழ் ஓட்டைத் தூக்கி ஒரு கொட்டாங்கச்சியை உள்ளே விட்டு மூடினார். மேல் ஓட்டைக் கொஞ்சமாகத் தூக்கியதும் நடுவில் தண்ணீர் நிறைய ஆரம்பித்தது. கொட்டாங்கச்சி ஆடிக்கொண்டே மெல்ல உயர்ந்தது. நிறைந்து இரண்டு பக்கமும் ஒரே மட்டமானதும் ஓட்டை எடுத்துவிட்டார். கொட்டாங்கச்சி மேல் வாய்க்காலுக்குள் நுழைந்தது.

"நெஜ லாக்குல கதவு பெருசு. தண்ணி சமமாவாத வரைக்கும் எத்தினி ஆம்பள வந்து தள்னாலும் அசையாது. சமமாயிட்டா நீயே தொறக்கலாம் பாப்பா."

ஆயா விளக்கேற்றிவிட்டு வந்து அதட்டும்வரை நான் கொட்டாங்கச்சியை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தேன். இன்றைக்கும் யாராவது கோபமாக மூடிக்கொண்டு நின்றால், முட்டித் தள்ளுவதை விட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுக்கத்தான் தோன்றுகிறது எனக்கு.

"தாது வருஷத்துல கஞ்சிக்கு மண்ணு சொமந்து வெட்னாங்க" என்று கால்வாயைப் பற்றித் தாத்தா சொன்னதன் முழு அர்த்தம் பின்னால் படித்தபோதுதான் விளங்கியது. 1806இல் மெட்ராஸுக்கு வடக்கே தொடங்கிய கால்வாய் அது. 1877-78இல், தாது வருஷப் பஞ்ச காலத்தில், நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டினார்கள். அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. கூடை சுமந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. காக்கிநாடாவிலிருந்து எங்கள் விழுப்புரம் சீமை வரை 796 கிலோமீட்டர் நீண்ட நீர்வழி, 1965, 1966 புயல்களில் அடிபட்டு, லாரிகள் பெருகப் பெருகக் கேட்பாரற்றுப் போனது. சென்னையில் அதன் மேலேயே பறக்கும் ரயிலுக்குத் தூண்கள் நட்டார்கள். லாக்கின் ஞாபகம் அங்கே லாக் நகர் என்ற பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் நிலக்கரி ஏற்றிய ஒடுக்கமான கால்வாய்களில் இப்போது குடும்பம் குடும்பமாக வாடகைப் படகில் போகிறார்கள். லாக்குக் கதவைப் பிள்ளைகளும் சேர்ந்து முதுகு கொடுத்துத் தள்ளித் திறக்கிறார்கள். நம் கால்வாயையும் 2008இல் தேசிய நீர்வழி 4இல் சேர்த்திருக்கிறார்கள். சரக்குப் படகு வந்தாலும் வராவிட்டாலும், குப்பை கொட்டாமல், தூர்வாரி, கழி ஊன்றத் தண்ணீர் இருக்கும்படி வைத்திருந்தால் போதும். பசியோடு வெட்டியவர்களுக்கு அந்த மரியாதையாவது நாம் செய்ய வேண்டும்.