தானியேல் தனியாக உண்ணவில்லை



கிறிஸ்துமஸ் கேக்கும் அச்சு முறுக்கும் புத்தாண்டுப் பிரியாணியும் முடிந்தன. விருந்து பாவமன்று; கானாவூர்க் கல்யாணத்திற்கு நம் ஆண்டவரும் சென்றார். ஆனால் விருந்துக்குப் பின் அன்றாட உணவுக்குத் திரும்பும் பாரம் ஒருவர்மேல் மட்டும் விழுவதைத் தாம்பரம், சேலையூர்ப் பகுதிகளில் வீடு சந்திக்கையில் காண்கிறேன். சர்க்கரை நோயுள்ள தகப்பனுக்கு இரண்டு சப்பாத்தி. அவர் கண்ணெதிரே மற்றவர்களுக்கு மீந்த பலகாரம். அவர் எத்தனை நாள் தாங்குவார்? இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு உண்டென்று 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மதிப்பிட்டது. நம் சபையிலும் இது பல குடும்பங்களின் நிலைமை.

தானியேல் முதலாம் அதிகாரத்தைத் தியானியுங்கள். ராஜபோஜனத்தை விலக்கிப் பத்து நாள் மரக்கறியும் தண்ணீருமாக இருந்தவர்கள் நால்வர். அனனியாவும் மீஷாவேலும் அசரியாவும் தானியேலோடு அதே உணவை உண்டார்கள். ஆகவே அவருடைய தீர்மானம் நிலைத்தது.

நாமும் பத்து நாள் தொடங்குவோம். வீட்டில் அனைவருக்கும் ஒரே சமையல் ஆகட்டும். தாம்பரம் மார்க்கெட்டில் இப்போது வரும் அவரையும் மொச்சையும் கீரையும் தட்டில் பாதியை நிரப்பட்டும், சோறு குறையட்டும். மீந்த இனிப்பை மேசையிலிருந்து அகற்றுங்கள். இரவில் ஜெபித்து, ஒன்றாக அமர்ந்து உண்ணுங்கள். பலவீனரோடு ஒரே பந்தியில் அமர்வதும் அன்பின் ஊழியமே.

கர்த்தர் உங்கள் அப்பத்தையும் தண்ணீரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.