பொழிமுகத்துப் பொய்மீன்கள்

38 மில்லிமீட்டர் நீளம், நாலைந்து கிராம் எடை. கெட்டியான பிளாஸ்டிக் உடம்பு. வயிற்றிலும் வாலிலும் மும்முள் கொக்கிகள். மோவாய்க்குக் கீழே முன்னால் நீண்டிருக்கும் ஒளிபுகும் தகடு. குலுக்கினால் உள்ளே சின்ன உருண்டைகள் கலகலக்கின்றன. பழவங்காடிக் கடைத்தெருப் பக்கம் தூண்டில் சாமான் விற்கும் ஒரு கடையில் லூர் எனப்படும் இந்தப் பொய்மீன்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறவாரியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கைத்தூண்டிலுக்குத் தங்கூசிச் சுருளும் ஈயக்குண்டும் வாங்க வந்த கடற்கரைக்காரர்கள் ஒரு பக்கம் நிற்கிறார்கள். தோளில் ராடு மாட்டிய கல்லூரிப் பிள்ளைகள் இன்னொரு பக்கம்.

பிள்ளைகள் நிறத்தைக் காட்டி விலை கேட்கிறார்கள். கல்லாவில் இருக்கும் நாகர்கோவில்காரர் பெட்டியைத் திறக்காமல் எதிர்க்கேள்வி போடுகிறார்.

"எங்க போடப் போற தம்பி? வேளியா, பூவாறா? தண்ணி எத்தனை அடி இருக்கும்?"

பதில் இல்லை. "கலரு பொறவு பாக்கலாம். இது எத்தனை அடி தாழும்னு மொதல்ல கேளு" என்கிறார். சில நூறு ரூபாய்க்கு விற்கும் பொருளை உடனே எடுத்துக் கொடுத்துக் காசை வாங்கிப் போட்டிருக்கலாம். கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறார். தொழில் தெரிந்தவரின் அடையாளம் அது.

பழவங்காடி என்றால் திருவனந்தபுரத்தாருக்கு முதலில் நினைவுக்கு வருவது கணபதி கோவிலும் அங்கே ஓயாமல் உடைபடும் தேங்காயும். திருவிதாங்கூர் நாயர் படையோடு வளர்ந்து, இன்று இந்திய ராணுவத்தின் பராமரிப்பில் இருக்கும் கோவில் அது. எதிரே கிழக்கேக்கோட்டை. சற்றுத் தள்ளி, திவான் ராஜா கேசவதாசன் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏற்படுத்திய சாலைக் கம்போளம். கயிறு, இரும்பு, பித்தளை, பலசரக்கு என்று தமிழ் வியாபாரிகள் தலைமுறைகளாக வேரூன்றிய தெரு. கடலோ இங்கிருந்து கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் இந்த வட்டாரத்து ஓடைகள் ஆமயிழஞ்சான் தோட்டில் சேர்ந்து, கண்ணம்மூலை வழியாக ஆக்குளம் காயலில் விழுகின்றன. ஆக்குளமும் வேளியும் ஒரே நீர்ப்பரப்பு. வேளியின் வாயில் மணல்திட்டு. மழைக்காலத்தில் அது உடைந்து பொழி என்னும் கடல்வாய் திறந்தால் காயல் கடலோடு கலக்கிறது. பழவங்காடியில் பெய்யும் மழை போய்ச் சேரும் அதே வாய் வழியாகத்தான் இந்த லூர்கள் தேடும் மீன்கள் உள்ளே ஏறுகின்றன.

அவற்றில் முக்கியமானது கடல் ப்ரீம் வகையைச் சேர்ந்த கறுப்பு மீன். மலையாளத்தில் கறுத்த ஏரி என்பார்கள். இயற்கையியலாளர் ஃபோர்ஸ்கால் செங்கடலில் கண்டு விவரித்த குறிப்பு 1775-ல் அச்சானது. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து நம் கழிமுகங்கள் வரை உண்டு. உயர்ந்த முதுகு, கனத்த முதுகுமுள், முன்வாயில் கூரான பற்கள், பின்தாடையில் கடைவாய்ப் பற்கள். பாலத்தூணில் ஒட்டிய கொட்டலசையும் சிப்பியையும் நண்டையும் அந்தக் கடைவாயால் நொறுக்கித் தின்னும். தரம் குறைந்த கொக்கி இதன் வாயில் நசுங்கிப் போவது அதனால்தான். இந்த இனம் முதலில் ஆணாக முதிர்ந்து, வளர வளரப் பலவும் பெண்ணாக மாறும். ஆகவே கையகலத்துக்கு மேல் வளர்ந்த பெரிய மீன்களில் பெரும்பாலானவை முட்டையிடும் பெண்கள்.

இத்தனை எச்சரிக்கையான மீன் ஏன் பிளாஸ்டிக்கைக் கடிக்கிறது? விடை அந்த மோவாய்த் தகட்டில் இருக்கிறது. லிப் என்பார்கள். இழுக்கும்போது தண்ணீர் அதில் மோதி லூரின் தலையைக் கீழே அழுத்துகிறது. தகட்டின் இரு விளிம்புகளிலும் மாறி மாறிச் சுழல் பிரிவதால் உடம்பு இடமும் வலமும் ஆடுகிறது. அந்த ஆட்டத்தின் அதிர்வை மீன் தன் பக்கக்கோட்டு உணர்வால் கலங்கல் தண்ணீரிலும் அறிந்துகொள்ளும். தகடு நீளமாக, உடம்பின் வாக்கிலேயே முன்னோக்கி நீண்டிருந்தால் லூர் ஆழம் போகும். குட்டையாக, செங்குத்தாக இறங்கியிருந்தால் மேல்மட்டத்திலேயே ஓடும். குண்டு உடம்பு அகலமாக ஆடும். ஒல்லி உடம்பு இறுக்கமாக, வேகமாகத் துடிக்கும். நாகர்கோவில்காரரின் கேள்விக்கு அடிப்படை இதுதான். மூன்றடித் தண்ணீரில் எட்டடி தாழும் லூரைப் போட்டால் முதல் இழுப்பிலேயே சேற்றைக் கோதும். எட்டடிப் பள்ளத்தின் அடியில் மீன் கிடக்கும்போது இரண்டடியில் ஓடுவதைப் போட்டால் மீனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இந்த ஆட்டத்தைக் கண்டுகொண்டவர் பின்லாந்தின் லவுரி ராப்பலா. ஏரியில் படகோட்டி மீன் பிடித்த ஏழை. சிறுமீன் கூட்டத்தில் சற்றே தடுமாறி நீந்தும் ஒன்றைத்தான் பெரிய மீன் தேர்ந்து கவ்வுகிறது என்பதைக் கவனித்தார். 1936-ல் தக்கையைச் செருப்புத் தைப்பவரின் கத்தியால் சீவி, சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளை ஒட்டி, புகைப்பட நெகட்டிவை உருக்கிய குழம்பைப் பூச்சாகப் பூசித் தன் முதல் பொய்மீனைச் செய்தார். இன்று உலகம் முழுக்க விற்கும் அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது, ஒரு தொழிலாளி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்த பொறுமை.

ப்ரீமுக்கென்றே சின்ன லூரை ஒரு கலையாக்கியவர்கள் ஆஸ்திரேலியர்கள். அங்கே இதே பேரினத்தின் மஞ்சள்துடுப்பு ப்ரீமும் கறுப்பு ப்ரீமும் கழிமுகங்களில் உண்டு. சிப்பி வளர்க்கும் மரச்சட்டங்களுக்கு இடையில் 35 முதல் 50 மில்லிமீட்டர் லூரை எறிந்து பிடிக்கப் போட்டிகளே நடக்கின்றன. ஜப்பானின் ஜாக்கால் சப்பி 38 போன்ற குட்டிக் குண்டன்கள் அங்கே பெயர்பெற்றன. நம் பிள்ளைகள் கைப்பேசிக் காணொளிகளில் பார்ப்பது பெரும்பாலும் அந்தப் பிடிப்பைத்தான். பார்த்ததை அப்படியே இங்கே செய்வதுதான் சிக்கல். அங்கே கடலின் ஏற்றவற்றம் பார்த்துப் பிடிக்கிறார்கள். திருவனந்தபுரம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்ட வேறுபாடு ஒரு மீட்டரைத் தாண்டுவது அரிது. இங்கே கழிமுகத்தை ஆள்வது பொழியும் மழையும்.

நெய்யாறு கடலில் சேரும் பூவாறில் இது கண்கூடு. மழை கொட்டியபின் ஆற்றின் நன்னீர் மேலே ஓட, கனத்த உப்புநீர் அடியில் தங்கும். லூர்களில் மிதப்பது, மூழ்குவது, நிறுத்திய இடத்திலேயே அந்தரத்தில் நிற்பது என்று மூன்று வகை. நன்னீரில் அந்தரத்தில் நிற்பதற்காகச் செய்த லூர் உப்புநீரில் மெல்ல மேலெழும்பும், உப்புநீருக்காகச் செய்தது நன்னீரில் மெல்ல இறங்கும். ஒரே லூர், ஒரே ஆறு, இரண்டு நடத்தை. விவரம் தெரிந்தவர்கள் கொக்கியைச் சற்றுக் கனமானதாக மாற்றியோ சின்ன ஈயத்துண்டு ஒட்டியோ இதைச் சரிசெய்கிறார்கள்.

அங்கே படகுத்துறைத் தூணோரம் எறிந்துகொண்டிருந்த ஒரு இளைஞரின் கையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். புது லூரை எடுத்ததும் எறியவில்லை. காலடித் தண்ணீரில் இழுத்துப் பார்த்தார். இடப்பக்கம் கோணி ஓடியது. மூக்கிலுள்ள கம்பி வளையத்தைக் குறட்டால் மயிரிழை வலப்பக்கம் வளைத்தார். மறுபடி இழுத்தார், நேராக வந்தது. தங்கூசியை வளையத்தோடு இறுக்கிக் கட்டாமல், சின்னக் கண்ணி விட்டு முடிந்தார். இறுக்கினால் ஆட்டம் செத்துவிடும். எறிந்தபின் நிதானமாக ஐந்தாறு சுற்று இழுத்து நிறுத்தினார். மறுபடி இழுத்து, மறுபடி நிறுத்தினார். பெரும்பாலான கடி அந்த நிறுத்தத்தில்தான் விழும் என்றார். தூணிலிருந்து விழுந்த நண்டோ, களைத்துப்போன இறாலோ அப்படித்தான் நிற்கும். ப்ரீம் பின்தொடர்ந்து வந்து, முகர்ந்து பார்த்து, நின்றதும் கவ்வும். கை பரபரக்கிறவர்களுக்கு இந்த மீன்பிடிப்பு வாய்க்காது. கடிபட்டதும் வெடுக்கென்று தூக்கக்கூடாது. தொடர்ந்து இழுத்தால் சிறு கொக்கி தானே பதியும். நிறத்தைப் பற்றிக் கேட்டபோது, தெளிந்த நீரில் ஒளிபுகும் பழுப்பும் கலங்கலில் அடர்ந்த நிறமும் போடுவேன் என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

இதே அறிவின் பழைய வடிவம் பூவாறுக்கு வடக்கே, விழிஞ்ஞம் கரையில் இருக்கிறது. அங்குள்ள கைத்தூண்டில்காரர்கள் பொய் இரையைக் கடையில் வாங்கத் தொடங்கும் முன்பே கையால் கட்டினார்கள். அச்சில் என்று அதற்குப் பெயர். ஒரே தங்கூசியில் வரிசையாகப் பல முட்கள், ஒவ்வொரு முள்ளிலும் பளபளக்கும் நூலிழைக் குஞ்சம், அடியில் ஈயம். தோணியிலோ கட்டுமரத்திலோ அமர்ந்து மேலும் கீழும் சுண்டி இழுத்தால், சிறுமீன் கூட்டம் எழுந்து தாழ்வதுபோல் தெரியும். அயிலையும் பாறை இனச் சிறுமீன்களும் கொத்தும். கணவாய்க்குத் தனி வகைப் பொய் இரை உண்டு.

கரையில் ஒரு பெரியவர் காலின் பெருவிரலில் தங்கூசியைச் சுற்றி இழுத்துப் பிடித்து, முள்ளின் தண்டில் இழையைச் சுற்றிக்கொண்டிருந்தார். கண் பாதி மூடியிருந்தது, விரல் நிற்கவில்லை. குஞ்சம் நீண்டால் மீன் வாலைக் கடித்துவிட்டுப் போய்விடும், குறைந்தால் மினுக்கு போதாது. முள்வளைவைத் தாண்டி ஒரு நகக்கண் அளவு நீண்டால் போதும். எப்போது போட்டால் கடிக்கும் என்றதற்கு, "மக்களே, நீரு நின்னா மீனு கடிக்காது, நீரு ஓடணும்" என்றார். நீரோட்டத்தின் திசையையும் வலுவையும் வைத்தே அன்றைக்கு எந்தப் பாருக்குப் போவது, ஈயம் எவ்வளவு கட்டுவது என்று முடிவு செய்வாராம்.

பாரு என்பது கடலடிப் பாறை. கரையிலுள்ள மலையுச்சி, கோவில், தேவாலயக் கோபுரம் ஆகியவற்றை ஒன்றோடொன்று நேர்கோட்டில் பொருத்தி, இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் பாரைக் கண்டுபிடிக்கும் முறைக்குக் கணிச்சம் என்று பெயர். ஜிபிஎஸ் வருவதற்கு முன் இந்தக் கரையின் வரைபடம் முழுக்க மனிதர்களின் நினைவில்தான் இருந்தது. ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் மரைன் லைஃப் அமைப்பைச் சேர்ந்த ராபர்ட் பனிப்பிள்ளை, மீனவர்கள் சொன்ன பாருகளில் முக்குளித்துப் பதிவு செய்து, அவர்களின் கடலறிவை மலையாளத்தில் நூலாகவும் எழுதியிருக்கிறார். அரசும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தொழில்நுட்ப உதவியோடு இந்த மாவட்டத்தின் 42 மீனவக் கிராமங்களை ஒட்டி 6,300 செயற்கைப் பாருக் கட்டமைப்புகளை இறக்கும் திட்டத்தை மேற்கொண்டது. தூண்டில்காரர்களுக்கு உதவும் வேலை இது. பாறையில் வலை சிக்கிக் கிழியும், தூண்டிலுக்குத்தான் அங்கே இடம்.

கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருப்பதும் பெரியவரின் பெருவிரலில் இருப்பதும் ஒரே தொழில்தான் என்பது என் உறுதியான எண்ணம். எந்த ஆழம், எந்த ஓட்டம், எந்தத் துடிப்பு என்ற கேள்விகள் இரண்டுக்கும் பொது. வேளியில் ராடு பிடிக்கும் பிள்ளைகள் ஒரு காலைப்பொழுது விழிஞ்ஞத்தில் அச்சில் கட்டுகிறவர் அருகே உட்கார்ந்தால், பத்து லூர் வாங்கிக் கற்பதைவிடக் கூடுதலாகக் கற்பார்கள். அந்தப் பெரியவர்களின் விரலறிவை எடுத்துக்கொள்ள அடுத்த தலைமுறை வீட்டுக்குள்ளேயே இல்லை என்பது கவலைக்குரிய உண்மை.

அதைவிடப் பெரிய கவலை தண்ணீர். ஆமயிழஞ்சான் தோடு நகரத்தின் கழிவைச் சுமந்து ஆக்குளத்தில் கொட்டுகிறது. 2015-ல் ஆபரேஷன் அனந்தா என்ற பெயரில் ஓடைகளைத் தூர்வாரி, ஆக்கிரமிப்பை அகற்றும் பணி நடந்தது. அதன் பிறகும் குப்பை நிற்கவில்லை. 2024 ஜூலையில் தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் செல்லும் பகுதியில் குப்பை அள்ள இறங்கிய துப்புரவுத் தொழிலாளி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். ஏறக்குறைய இரண்டு நாள் தேடிய பிறகே உடல் கிடைத்தது. ஓடையில் எறிந்த பிளாஸ்டிக் பை ஒரு உயிரைக் குடிக்கும் அளவுக்கு மலையாகிவிட்டது. வேளியில் இப்போது லூரை இழுத்தால் அடிக்கடி கொக்கியில் வருவது ஆகாயத்தாமரை வேரும் அந்தப் பைகளும்தான்.

எனவே பொழிமுகத்துக்குத் தூண்டிலோடு போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மும்முள்ளைக் கழற்றி ஒற்றை முள் மாட்டுங்கள், இல்லையேல் முள்ளின் எதிர்க்கூரையாவது குறட்டால் நசுக்குங்கள். மீனைக் காயமின்றி விடுவிக்கலாம், உங்கள் விரலும் பிழைக்கும். பெரிய ஏரி மீனைப் படம் எடுத்ததும் நனைந்த கையால் பிடித்துத் தண்ணீரில் விடுங்கள். அடுத்த தலைமுறைக் குஞ்சுகள் அதன் வயிற்றில் இருக்கின்றன. தூணில் சிக்கி அறுந்த தங்கூசியை அங்கேயே விட்டுவராதீர்கள். நகரத்தில் வீடும் கடையும் வைத்திருப்பவர்கள், மீன் பிடிக்காதவர்களானாலும், பையை ஓடையில் எறியாதிருங்கள். பழவங்காடியில் எறிந்தது வேளியில்தான் போய் நிற்கிறது.