ஒரு விரல் சுண்ணாம்பு

திருச்செந்தூரில் முருகனைத் தரிசித்துவிட்டு வெளியே வந்ததும், "இவ்வளவு தூரம் வந்தாச்சு. உடன்குடிக் கருப்பட்டி வாங்காமல் போனால் அம்மா என்னை வாசல்படி ஏற்றமாட்டாள்!" என்றேன். என் கணவர் சிரித்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

சித்திரை வெயில் கொளுத்தியது. குலசேகரப்பட்டினம் வழியாகப் போகிறது பஸ். பாரி கம்பெனி ஒரு காலத்தில் இங்கே பனஞ்சாற்றை நம்பிச் சர்க்கரை ஆலையே வைத்திருந்தது. திருச்செந்தூரிலிருந்து திசையன்விளை வரை ஒரு சின்ன ரயிலும் ஓடியது. 1940-ல் அது நின்றுவிட்டது. இன்று அதே ஊர்ப்பக்கம் ராக்கெட் ஏவுதளம் வருகிறது. 2024-ல் அடிக்கல் நாட்டினார்கள். ஆனால் செம்மணல் தேரியும் அதில் வரிசை பிடித்து நிற்கும் பனைகளும் இன்னும் இருக்கத்தான் செய்கின்றன.

உடன்குடியில் கடைக்காரரிடம் விசாரித்துக்கொண்டு, ஊருக்கு வெளியே ஒரு விடிலிக்குப் போனோம். விடிலி என்றால் கருப்பட்டி காய்ச்சும் ஓலைக் குடிசை. உள்ளே ஓர் அம்மா, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி பெரிய தாச்சியில் பதநீரைக் கிண்டிக்கொண்டிருந்தார். நுரை பொங்கி வந்தபோது இடித்த ஆமணக்கு முத்தைக் கொஞ்சம் போட்டார். பொங்கல் சட்டென்று அடங்கியது! பதம் வந்த பாகைச் சிரட்டைகளில் ஊற்றி ஆறவிட்டால் கருப்பட்டி.

பனையோலையைப் பட்டையாக மடித்து எங்களுக்குப் பதநீர் ஊற்றிக் கொடுத்தார். குடித்துவிட்டு, "கள்ளும் இப்படித்தான் இருக்குமா, அக்கா?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டுவைத்தேன்.

"நல்லா கேட்டிய போங்க! ரெண்டும் ஒரே பாளையில வடியுதுதான். கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவிக் கட்டுனா பதநீர். தடவாம விட்டா புளிச்சுக் கள்ளு. ஒரு விரல் சுண்ணாம்புதான் வித்தியாசம்."

அந்த ஒரு விரல் சுண்ணாம்பில்தான் எத்தனை வழக்கு! 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் திறந்த கள்ளுக்கடைகள், 1987 ஜனவரி 1 முதல் மூடப்பட்டன. அடுத்த வீட்டுக் கேரளத்தில் கள்ளுக்கடை உண்டு. யாழ்ப்பாணத்திலும் 'தவறணை' என்ற பெயரில் உண்டு. இங்கேயோ 2003 முதல் அரசாங்கமே டாஸ்மாக் கடையில் பாட்டில் மதுவை விற்கிறது. பனையேறி கள் இறக்கினால் குற்றம். இது என்ன நியாயம் என்று கேட்கிறார்கள். கள் உணவுதான், மது அல்ல என்பது நல்லசாமி நடத்தும் தமிழ்நாடு கள் இயக்கத்தின் வாதம். 2025 ஜூனில் இதே கடற்கரையில் உள்ள பெரியதாழையில், நாம் தமிழர் கட்சியின் சீமான் தாமே பனை ஏறிக் கள் இறக்கினார்.

இங்கிலாந்துக் கிராமங்களில் மதுக்கடை மூடப்போகிறது என்றால், ஊரார் பங்கு போட்டு அதை விலைக்கு வாங்கிக் காப்பாற்றுகிறார்களாம். கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊர்ப் பெண்கள் கடையை மூடச்சொல்லி அல்லவா ரோட்டில் உட்காருகிறார்கள்? ஆகவே இந்த அக்காவிடமே கேட்டேன்: "கள்ளுக்கடை திறக்கணும்னு நீங்க நினைக்கிறீங்களா?"

துடுப்பு ஒரு நிமிஷம் நின்றது.

"எங்க வீட்டுக்காரவ விடியமுன்னே மரம் ஏறுதாவ. சாயங்காலமும் ஏறுதாவ. அவிய எறக்குத பதநீர அன்னைக்கே காய்ச்சியாவணும். வெறகு பொறுக்கணும், பொகையில வேவணும். கள்ளுன்னா அடுப்பே வேண்டாம், கையில உடனே காசு. எனக்கும் ஆசைதான். ஆனா எங்க அப்பா கள்ளுக்கடையில கிடந்ததையும் பாத்திருக்கேன். அடுப்புப் பொகை போயி வீட்டுக்குள்ள வேற பொகை வந்துறக் கூடாதுல்லா?"

சற்றுப் பொறுத்து, "கள்ளு வந்தாலும் வராட்டியும் மரம் ஏற ஆளு வேணும். எம்பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போயிட்டான்" என்றார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கள்ளிலும் போதை உண்டு, நேரம் ஆக ஆக அது ஏறும் என்பதும் உண்மை. உயிரைப் பணயம் வைத்து மரம் ஏறுகிறவனைத் திருடனைப்போல் நடத்தக் கூடாது என்பதும் உண்மை. பனை நம் மாநில மரம். அதை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்தது. மரத்தைக் காப்பாற்றிவிடலாம். ஏறுகிறவரையும், கீழே அடுப்பூதுகிறவரையும் யார் காப்பாற்றுவது?

சகோதரிகளே, நம்மால் ஆவது ஒன்று உண்டு. சீனி கலந்த மலிவுக் கருப்பட்டியை ஒதுக்கிவிட்டு, தெரிந்த இடத்தில் அசலை வாங்குங்கள். சுக்குக் காபிக்கு அதன் மணமே தனி. (நீரிழிவு உள்ளவர்கள் ஏமாறவேண்டாம், கருப்பட்டியும் சர்க்கரைதான்!)

ஓலைப்பெட்டியில் அடுக்கிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, சொன்ன விலையை எண்ணி வைத்தேன். என்னோடு இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "என்ன, பேரம் பேசலையா?"

அந்தப் புகையில் அரைமணி நேரம் நின்ற பிறகு, எனக்கு வாய் வரவில்லை.