இணுவிலில் ஒரு புகைக்குடில்

சென்ற பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில், காங்கேசன்துறை வீதி வழியே பஸ்வண்டியிற் சென்று இணுவிலில் இறங்கினோம். நம்மிடம் முன்பு விஞ்ஞானம் பயின்ற இளைஞரொருவர், "சேர், ஒருக்கால் எங்கட வீட்டுப் பக்கம் வாருங்கோ, ஒரு வேடிக்கை காட்டுறன்" என்று பலமுறை அழைத்திருந்தார். குளிர்சாதனப் பெட்டிகளைத் திருத்துவது அவருடைய தொழில். தந்தையாரோ பரம்பரைக் கமக்காரர்.

யாழ்ப்பாணத்துச் செம்மண்ணைப் பற்றிப் பாடநூல் எழுதுவோர் சுண்ணக்கல், நிலத்தடி நீர், கிணறு என மூன்று வரியில் முடித்துவிடுவர். அறுவடைக் காலத்தில் அம்மண்ணில் நடப்பவருக்கு முதலிற் புலப்படுவது புகையிலை மணமே. குழை தாழ்த்தியும் ஆட்டுப்பட்டி அடைத்தும் பண்படுத்திய தோட்டங்களில், மாரியில் நாட்டிய கன்று பங்குனி, சித்திரையில் வெட்டுக்கு வந்துவிடும். கொக்குவில், கொண்டாவில், இணுவில் ஆகிய ஊர்களிற் சுருட்டுச் சுற்றி வாழ்ந்த குடும்பங்கள் பல. பத்தொன்பதாம் நூற்றாண்டில், புகையிலை வணிகம் அரசின் தனியுரிமையாக இருந்த திருவிதாங்கூருக்கு நம் இலை கப்பலேறிற்று. மலையாள நாட்டில் வெற்றிலையோடு சேர்க்கும் புகையிலைக்கு 'ஜாப்பாணம்' என்ற பெயர் நிலைத்தது அதனாலேயே.

புகையிலைக்கு வக்காலத்து வாங்க நாம் இதனை எழுதவில்லை. வகுப்பறையில் அதன் கேட்டை விளக்குவது நம் கடமை, விளக்கியே வருகிறோம். 2020 ஆம் ஆண்டளவில் இச்செய்கையை நிறுத்தும் எண்ணத்தை அரசு முன்பு வெளியிட்டதும் உண்டு. ஆயினும் அந்த மாணவருக்கு நாம் கல்வி புகட்டிய காலத்தில், அவருடைய கொப்பிகளை வாங்கிக் கொடுத்தது இந்த இலையே என்பதை நாம் எவ்வாறு மறப்பது?

வீட்டுக் கோடியில் நின்றது புகைக்குடில். மண் சுவர், பனையோலைக் கூரை, குனிந்தே நுழையவேண்டிய வாயில். உள்ளே குறுக்குக் கம்புகளில் இலைகளைத் தொங்கவிட்டு, நிலத்திற் பொச்சுமட்டையை மூட்டுகிறார்கள். தீ எரியக்கூடாது, புகையவேண்டும். இரவில் எழுந்து பார்ப்பவர் கண்ணயர்ந்தால் கூரையும் போய்விடும், ஓராண்டு உழைப்பும் போய்விடும். முதியவர் ஐம்பது ஆண்டுகளாக அவ்வாறு விழித்திருந்தவர். நம்மோடு பேசிய நேரத்தில் அவருக்கு வந்த இருமல் நம்மைக் கலங்கச் செய்தது. குடிலை இடித்துவிட வேண்டுமென்று மகன் நின்றதற்குக் காரணம் அந்த இருமலே.

வேடிக்கை என்றது அடுத்த கொட்டிலில் இருந்தது. வெள்ளை நிறமான பழைய 'டீப் பிறீசர்' ஒன்று! ஐஸ்கிறீம் கடையில் இயந்திரம் பழுதாகிக் கழித்துவிட்ட பெட்டியாம். 1990 இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றபின் நம் வீட்டுக் குளிர்ப்பெட்டி புத்தக அலுமாரியாகியது நினைவுக்கு வந்தது. கறையான் அணுகாத அருமையான அலுமாரி அது. ஆனால் குளிரூட்டும் பெட்டி சூடேற்றும் பெட்டியாக மாறியதை அன்றுதான் கண்டோம்.

வியப்புக்கு உண்மையில் இடமில்லை. அதன் சுவருக்குள் இருப்பது பொலியூரத்தேன் நுரை. வெளிச்சூட்டை உள்ளே விடாத அந்நுரை உட்சூட்டையும் வெளியே விடாது. கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டுத் தோட்டத்தில் சில செடிகள் வளர்ப்போர் இம்முறையைக் கையாளுவதுண்டு; கனடாவிலுள்ள மைத்துனர் ஒருவரிடம் கேட்டறிந்தே இவரும் தொடங்கினார். எஞ்சிய குளிர்வாயுவைக் காற்றில் விடாது வேறு கொள்கலத்தில் ஏற்றிவிட்டு, உள்ளே நீர்ச்சட்டியொன்றை மின்சாரத்தால் மெல்லச் சூடாக்கினார். சூடு 50 பாகை செல்சியஸ் அளவில் நிற்கவும், சாரீரப்பதன் எழுபதுக்கும் எழுபத்தைந்துக்கும் இடைப்பட்ட வீதத்தில் நிற்கவும், மின்சாரத்தைத் தானே நிறுத்தித் தானே விடும் சிறு கருவிகளைப் பொருத்தினார்.

முதல் முறை எல்லாம் பாழாயிற்று. இலை மஞ்சளிக்குமுன் பச்சையாகவே அடைத்துவிட்டார். மூடியருகே சூடு, அடியில் ஈரம். பத்தாம் நாள் திறந்தபோது வெண்பூஞ்சணம். "இலையைச் சவப்பெட்டியில வைச்சிட்டான்" என்று முதியவர் இரண்டு நாள் மகனோடு பேசவில்லையாம். வெட்டிய இலை உடனே இறப்பதில்லை. நிழலில் வாடும்போது அதிலுள்ள நொதியங்கள் மாப்பொருளை வெல்லமாக்குகின்றன, பச்சையம் அழிகிறது. அவசரப்பட்டு உலர்த்தினால் பச்சை அப்படியே தங்கிவிடும். இதை அவருக்குக் கற்பித்தவர் நாமே. கற்பித்தது பரீட்சைக்கு மட்டுமே போலும்!

இரண்டாம் முறை இலையை நிழலில் மஞ்சளாக்கி, பழுப்பாக உலர்த்தி, சிறிது நீர் தெளித்துப் பதப்படுத்தியபின் அடைத்தார். காற்றைச் சுழற்ற ஒரு சிறு மின்விசிறியும் வைத்தார். முதல் வாரம் அமோனியா நெடி. நான்காம் வாரம் உலர்ந்த பழத்தின் மணம். ஓராண்டு கிடந்து முதிரவேண்டிய இலை ஒரு மாதத்தில் முதிர்ந்துவிட்டது.

முதியவர் அதில் ஒரு துண்டைக் கிள்ளி, வெற்றிலையோடு மென்றார். நெடுநேரம் பேசவில்லை.

"நல்லாத்தான் இருக்குது, மாஸ்ரர். ஆனால் புகை எங்கே? புகை இல்லாட்டில் இது வெறும் இலைதானே?"

சொல்லாராய்ச்சி என்று நாம் சிரித்தோம், மகன் சிரிக்கவில்லை. முதல் நாள் வந்த வியாபாரியும் அதையே சொல்லி விலையைக் குறைத்திருந்தார். சப்புகிறவர் நாவு தேடுவது பொச்சுமட்டைப் புகையை. பெட்டி அதனைத் தராது. "பெட்டிக்குள்ளேயே கொஞ்சம் புகைபோட்டால் என்ன, சேர்?" என்று மகன் கேட்டார். நாம் பதறித் தடுத்தோம். அந்த நுரை தீப்பற்றினால் எழும் புகை ஆளையே கொல்லும்.

பின்னர் திண்ணையிலிருந்து மூவரும் கணக்குப் பார்த்தோம். குடிலில் மூன்று இரவு மட்டும் புகை, எஞ்சிய முதிர்ச்சி பெட்டியில். அந்த மூன்று இரவும் விழித்திருப்பது மகன். முதியவர் பகலிற்கூடக் குடிலுக்குள் நுழைவதில்லை. கடைசி நிபந்தனைக்கு மட்டும் அவர் எளிதில் இணங்கவில்லை. "உவனுக்குத் தீயைப் பார்க்கத் தெரியுமோ?" என்றார். வாயிலுக்கு வெளியே கதிரை போட்டிருந்து சொல்லிக்கொடுக்கலாம் என்றோம். அதற்கு மறுமொழி இல்லை.

நாம் விடைபெற்றபோது, இடிக்க நினைத்த குடிலின் கூரையில் ஏறி மகன் ஓலை மாற்றிக்கொண்டிருந்தார். முதியவர் பிறீசர் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, ஓசைப்படாமல் மூடினார்.